நான்காவது அடுப்பு வந்ததும் விலை ஏன் ஆடுகிறது?

கேள்வி: எங்கள் பக்கத்தில் நீலகிரித் தைலம் காய்ச்சுபவர்கள் முதலில் இரண்டு பேர், இப்போது நான்கு பேர். போன மாதம் மற்றவர்கள் விற்ற அளவைப் பார்த்துத்தான் இந்த மாதம் எவ்வளவு காய்ச்சுவது என்று அவரவர் முடிவு செய்கிறோம். ஆள் கூடினால் விலை நிலைப்படும் என்றார்கள். ஆனால் ஒரு மாதம் ஏறுகிறது, மறுமாதம் அடிமட்டத்துக்குப் போகிறது. ஏன்?
- வாசகர், கோத்தகிரி

பதில்: அவர்கள் சொன்னதில் பாதிதான் சரி. ஆள் கூடக் கூடச் சமநிலை விலை, அதாவது யாருக்கும் தன் அளவை மாற்றத் தோன்றாத நிலையில் நிற்கும் விலை, அடக்கவிலையை நெருங்கும். அந்தச் சமநிலையில் சந்தை போய் நிற்குமா என்பது வேறு கேள்வி. சில்லோர் முற்றுரிமைக்கு, அதாவது விற்பவர்கள் சிலரே இருக்கும் சந்தைக்கு, 1838-இல் பிரெஞ்சு அறிஞர் கூர்னோ தந்த கணக்கிலேயே இது தெரியும்.

கணக்குக்காகச் சில எண்கள். சரக்கே வராவிட்டால் விலை 1000 ரூபாய், வரும் ஒவ்வொரு லிட்டருக்கும் 1 ரூபாய் இறங்கும், அடக்கம் லிட்டருக்கு 400. 1000-இல் அடக்கம் 400 போக 600; மற்றவர்களின் மொத்த அளவை அந்த 600-இலிருந்து கழித்து, மீதியில் பாதியைக் காய்ச்சினால் ஒருவருக்கு லாபம் அதிகம். இருவர் என்றால் சமநிலை ஆளுக்கு 200 லிட்டர், விலை 600. நால்வர் என்றால் ஆளுக்கு 120, விலை 520.

இப்போது நால்வரும் 10 லிட்டர் குறைத்து 110 காய்ச்சுகிறார்கள் என்று வையுங்கள். விலை 560. ஒவ்வொருவர் கண்ணுக்கும் மற்ற மூவரிடமும் சேர்த்து 30 லிட்டர் குறைவு தெரிகிறது. அதில் பாதியை, 15 லிட்டரை, தான் நிரப்பப் பார்க்கிறார். நால்வரும் ஒரே நேரத்தில் நிரப்புவதால் அடுத்த மாதம் ஆளுக்கு 135, விலை 460. மூன்றாம் மாதம் 97.5, விலை 610. நான்காம் மாதம் 153.75, விலை 385, அடக்கத்துக்கும் கீழே. சமநிலையான 120-லிருந்து விலகும் பிசகு மாதாமாதம் ஒன்றரை மடங்காகிறது. இருவர் மட்டும் இருந்தபோது அது பாதி பாதியாகக் கரைந்திருக்கும். மூவர் என்றால் வளராது, கரையாது, ஆடிக்கொண்டே இருக்கும். இதை 1960-இல் பொருளியலாளர் தியோகாரிஸ் நிறுவினார்.

சரிசெய்ய வழி உண்டு. கணக்கு சொல்லும் அளவுக்கு ஒரே தாவாகத் தாவாமல் பாதித் தூரம் மட்டும் நகருங்கள்: 110-இலிருந்து 135-க்குப் போகாமல் 122.5. நால்வரும் இப்படிச் செய்தால் பிசகு மாதாமாதம் கால் பங்காகச் சுருங்கும். ஆறு பேர் வரை இது தாங்கும், ஏழாவது ஆள் வந்தால் இன்னும் சின்ன அடி வேண்டும். நீங்கள் ஒருவர் மட்டும் செய்தால் ஆட்டம் வளரும் வேகம் குறையுமே தவிர, வளர்வது நிற்காது. நால்வரில் இருவர் செய்தால் மெதுவாக அடங்கும். ஒரே நாளில் முடிவெடுக்காமல் ஒருவர் அளவைப் பார்த்து அடுத்தவர் என்று முறைவைத்து மாற்றினாலும், எத்தனை பேரானாலும், சமநிலைக்கு வந்துவிடும்.

செலவின் வடிவமும் உதவும். பக்கத்துக் கற்பூர மரத்து (யூக்கலிப்டஸ்) இலை தீர்ந்து, தூரத்திலிருந்து இலையும் விறகும் ஏற்றிவர வேண்டியிருந்தால், அடுத்த லிட்டருக்கு ஆகும் செலவு கூடிக்கொண்டே போகும். அது லிட்டருக்கு 2 ரூபாய் வீதம் கூடினால், முழுத் தாவலிலும் நான்கு பேர் வரை ஆட்டம் அடங்கும். ஐந்தாவது அடுப்பு எரிந்தால் அடங்காது.

ஒரு எச்சரிக்கை: நால்வரும் உட்கார்ந்து அளவையோ விலையையோ பேசி முடிவு செய்யாதீர்கள். அதைப் போட்டிச் சட்டம் 2002-இன் 3-ஆம் பிரிவு தடுக்கிறது. பாதி அடி வைப்பது அவரவர் தனி முடிவாகவே இருக்கட்டும்.

கேள்வி: அப்படியானால் கேரட் போடுபவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது ஆட்டம் இன்னும் மோசமாக வேண்டுமே?
- வாசகர், கேத்தி

பதில்: அங்கே கணக்கு வேறு. உங்கள் ஒரு தோட்டத்துச் சரக்கு மேட்டுப்பாளையம் மண்டி விலையை அசைக்காது. மற்றவர் அளவைப் பார்த்து யாரும் விதைப்பதில்லை, போன விலையைப் பார்த்து விதைக்கிறார்கள். ஆகவே எத்தனை பேர் என்பதை விடுங்கள். விலை 1 ரூபாய் ஏறினால் அடுத்த போகத்தில் எல்லாரும் சேர்ந்து எவ்வளவு கூட்டுகிறீர்கள், அதே 1 ரூபாய்க்கு வாங்குபவர்கள் எவ்வளவு குறைக்கிறார்கள் என்று பாருங்கள். முதலாவது பெரிதானால் ஆட்டம் வளரும், சிறிதானால் அடங்கும்.