ஸ்கூலுக்காக வீடா, வீட்டுக்காக ஸ்கூலா? சென்னைப் பெற்றோருக்குச் சில பதில்கள்

சென்னையில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் 21 வருஷம் அட்மிஷன் மேசையில் உட்கார்ந்திருந்தேன். என் இரண்டு பிள்ளைகளுக்காக நாலு வாடகை வீடு மாறினேன். இந்த இரண்டு அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஆதம்பாக்கத்துல 20,000 வாடகையில இருக்கோம். பொண்ணுக்கு 4 வயசு, இங்கேயே எல்.கே.ஜி. கூடுவாஞ்சேரியில 50 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் வருது. அங்க போயிடலாம், ஸ்கூலை மாத்த வேண்டாம், வேன் இருக்குங்கறார் வீட்டுக்காரர். சரியா வருமா?

பதில்: வேன் இருக்கிறது, சரிம்மா. காலையில் எத்தனை மணிக்கு வாசலுக்கு வரும் என்று கேட்டாரா? 20 கிலோமீட்டருக்கு மேல் ஜி.எஸ்.டி. ரோட்டில், அதுவும் தாம்பரம் தாண்டி வர வேண்டும். எங்கள் பள்ளியில் தூரத்து வேன்கள் எட்டரைக்கு வந்து நிற்கும். கடைசி சீட்டிலிருந்து இறங்கும் குழந்தைகளின் கன்னத்தில் ரெக்சின் தையல் கோடு அப்படியே பதிந்திருக்கும். தூக்கம் கலையாமலே பிரேயருக்குப் போய் நிற்பார்கள். முதல் பீரியடில் அவர்களுக்கு என்ன ஏறும்?

பணக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 40 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 34,700. கையிலிருந்து 10 லட்சம் போட வேண்டும். பழைய ஃபிளாட் என்பதால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அதாவது நாலரை லட்சம் தனி. இதற்கு மேல் வேன் காசு.

வீடு வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. வாங்கினால் பள்ளியையும் கூடுவாஞ்சேரிக்கே மாற்றுங்கள். நீங்களும் வீட்டுக்காரரும் மின்சார ரயிலில் நின்றுகொண்டு வேலைக்குப் போகலாம், 4 வயசுக் குழந்தை அலையக் கூடாது. அந்தப் பள்ளியை விட மனசில்லை என்றால் ஐந்தாம் வகுப்பு வரை வாடகையிலேயே இருங்கள்.

கேள்வி: நங்கநல்லூர்ல ஸ்கூல் பக்கத்துலயே வீடு கிடைச்சிருக்கு மேடம். ஓனர் 10 மாச அட்வான்ஸ் கேக்கறார். சட்டப்படி 3 மாசம்தானே?

பதில்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் 3 மாதம் என்றுதான் சொல்கிறது. ஆனால் 'வேறு உடன்பாடு இல்லாவிட்டால்' என்று ஒரு வால் இருக்கிறது. 10 மாதத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. போடும் முன் பேசுங்கள். 5, 6 மாதத்துக்கு இறங்குகிற ஓனர்கள் உண்டு.

இன்னொன்று. பள்ளியில் சீட் உறுதியாகிப் பணம் கட்டிய ரசீது கைக்கு வந்த பிறகுதான் அட்வான்ஸ். நானே இதில் அடிபட்டவள். பெரியவளுக்கு சீட் 'கண்டிப்பாக உண்டு' என்று ஒரு பள்ளியில் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி, தெரு முனையிலேயே வீடு பிடித்துப் பால் காய்ச்சினேன். சீட் வரவில்லை. அந்தப் பள்ளியின் மணிச் சத்தத்தை ஒரு வருஷம் தினமும் கேட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அவளை வேறு பள்ளிக்குக் கூட்டிப் போனேன்.

11 மாத அக்ரிமென்டை ஜூன் 1-ஆம் தேதி தொடங்குகிற மாதிரி போடுங்கள். ஏப்ரல் கடைசியில் முடியும். மாற வேண்டி வந்தாலும் படிப்பு நடுவில் கெடாது.

கேள்வி: ஆட்டோ ஓட்றேன்க்கா, வியாசர்பாடி. ஆர்.டி.இ.ல பெரிய ஸ்கூல்ல சேக்கணும்னா 1 கிலோமீட்டருக்குள்ள வீடு இருக்கணுமாம். பையனுக்காக வீடு மாறிடலாமா?

பதில்: அதற்காக மட்டும் என்றால் வேண்டாம் தம்பி. ஆர்.டி.இ. என்கிற கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஃபீஸ் இல்லாமல் கிடைக்கும் 25 சதவீத இடம் எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில், அந்தப் பள்ளி எதில் தொடங்குகிறதோ அதில் மட்டும். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். குலுக்கலை நம்பி அட்வான்ஸ் கொடுத்து வாடகை ஏற்றிக்கொள்வதா? சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. உங்கள் மனதில் இருக்கும் 'பெரிய ஸ்கூல்' அதில் ஒன்றா என்று முதலில் விசாரியுங்கள். 2025-இல் மத்திய அரசு நிதி வராத இழுபறியில் சேர்க்கையே அக்டோபருக்குப் போய்விட்டது. கிடைத்தாலும் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதில் முழு ஃபீஸையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். இப்போதிருக்கும் வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் என்னென்ன பள்ளி இருக்கிறது என்று பார்த்து, அவற்றுக்கு விண்ணப்பம் போடுங்கள்.

கேள்வி: கோடம்பாக்கத்துல சொந்த வீடு, மாமியார் கட்டினது. பக்கத்துல இருக்கறது கார்ப்பரேஷன் ஸ்கூல். அங்க சேத்தா சொந்தக்காரங்க சிரிப்பாங்க...

பதில்: சிரிக்கிறவர்கள் ஃபீஸ் கட்டப் போவதில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் சேர்க்காதீர்கள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கழிப்பறையைப் பாருங்கள், தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று. உங்கள் பிள்ளை உட்காரப் போகும் வகுப்புக்கு டீச்சர் இருக்கிறாரா, இல்லை பக்கத்து வகுப்பு டீச்சர் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் தயங்க வேண்டாம்.

ஆறாம் வகுப்புக்கு வரும்போது மட்டும் நன்றாக யோசியுங்கள். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் போன்றவற்றில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் உண்டு. அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கார்ப்பரேஷன் பள்ளியும் அந்தக் கணக்கில் வரும். ஆர்.டி.இ. இடத்தில் இல்லாமல், எட்டாவது வரை தனியாரில் ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்துவிட்டு ஒன்பதில் கொண்டுவந்து சேர்த்தால் அந்த இடம் கிடையாது.

கேள்வி: மேற்கு மாம்பலத்துல 600 சதுர அடி பழைய வீடு என்னுடையது. அதை வித்துட்டு, பேரன் படிக்கிற ஓ.எம்.ஆர். ஸ்கூல் பக்கத்துல பெரிய ஃபிளாட் வாங்கலாம்ங்கறான் பையன். எனக்கு 71 வயசு.

பதில்: விற்காதீர்கள் ஐயா. பேரன் அந்தப் பள்ளியில் இன்னும் எத்தனை வருஷம் இருப்பான் என்று பையனிடம் கேளுங்கள். அந்தச் சில வருஷத்துக்கு மாம்பலம் வீட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தோடு பையன் கொஞ்சம் போட்டு ஓ.எம்.ஆரில் வாடகைக்கு இருக்கலாம். அங்கே வீடு பார்க்கப் போகும்போது மெயின்டனன்ஸ் எவ்வளவு என்பதோடு, கோடையில் தண்ணீர் லாரிக்கு எவ்வளவு ஆகிறது என்றும் கேளுங்கள். செக்யூரிட்டியிடம் கேட்டால் உண்மையைச் சொல்வார்.