முதல் மணிக்கு முன், கடைசி மணிக்குப் பின்: பள்ளி நூலகம் கேள்வி பதில்

அரசு, உதவிபெறும் பள்ளிகளில் நூலகத்தைக் காலையில் சீக்கிரம் திறந்து, மாலையில் தாமதமாக மூடுவது பற்றித் தலைமையாசிரியர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் முதலியோர் கேட்டவையும், பள்ளி நூலகப் பொறுப்பைக் கவனித்துவரும் ஒருவர் தந்த பதில்களும்.

கேள்வி (தலைமையாசிரியர்): 9.15-க்கு வழிபாட்டுக் கூட்டம், 4.15-க்குக் கடைசி மணி. எப்போது திறந்து எப்போது மூடலாம்?

பதில்: முதலில் பஸ் நேரத்தைப் பாருங்கள் சார். இலவச பாஸில் வரும் பிள்ளைகளுக்கு 8.20 பஸ்ஸை விட்டால் அடுத்தது 9.10 என்றால், 8.25-க்கே கேட்டில் நிற்பார்கள். காலை நேரம் அவர்களுக்குத்தான். 8.30-க்குத் திறந்து 9.05-க்கு மூடிவிடுங்கள். அந்தப் பத்து நிமிடம் விடாவிட்டால் பிரேயருக்குப் பிள்ளைகள் தாமதமாக வருவார்கள், பி.இ.டி. (உடற்கல்வி) சார் புகார் சொல்வார், இரண்டாம் வாரமே திட்டம் நின்றுவிடும். மாலை 4.20 முதல் 5.20 வரை. நவம்பர் கடைசியில் சென்னையில் 5.40-க்கே சூரியன் மறைகிறது, மழையும் அப்போதுதான். அந்த மாதங்களில் 5 மணியோடு போதும்.

ஆறு நாளும் திறப்பேன் என்று ஆரம்பிக்க வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள் போதும், ஆனால் அந்த மூன்று நாளும் தவறக்கூடாது. இரண்டு தடவை வந்து பூட்டைப் பார்த்த பிள்ளை மூன்றாம் தடவை வராது.

கேள்வி (தமிழாசிரியை, நூலகப் பொறுப்பு): காலையில் நாற்பது பேர் ஒரே சமயத்தில் நிற்கிறார்கள். நோட்டில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. என்ன செய்வது மேடம்?

பதில்: காலையையும் மாலையையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் சிக்கல். காலையில் திருப்பி வாங்குவது, உட்கார்ந்து படிப்பது மட்டும். புத்தகம் கொடுப்பது மாலையில். வாசலில் ஓர் அட்டைப் பெட்டி வையுங்கள், போட்டுவிட்டு உள்ளே போகட்டும். பதிவை மதியம் பார்த்துக்கொள்ளலாம்.

நோட்டை விட்டுவிட்டு அட்டை முறைக்கு வாருங்கள். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கம் ஒரு காகிதப் பை ஒட்டி, அதில் 5 அங்குலத்துக்கு 3 அங்குல அட்டை ஒன்று. மேலே பதிவேட்டு எண் (நூலகப் பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்குத் தந்த எண்), கீழே தலைப்பு. பிள்ளைக்கு வகுப்பும் பெயரும் எழுதிய சிறு பை ஒன்று. புத்தகம் எடுக்கும்போது புத்தகத்தின் அட்டையை உருவிப் பிள்ளையின் பையில் செருகி, திருப்பித் தரவேண்டிய தேதி எழுதிய அட்டைக்குப் பின்னால் தட்டில் வைத்தால் முடிந்தது. ஆளுக்குப் பத்து விநாடி. ஒரே தேதிக்குள் அட்டைகளைப் பதிவேட்டு எண் வரிசையில் அடுக்கியே ஆகவேண்டும். அதை விட்டுவிட்டு ‘அட்டை முறை சரிவரவில்லை’ என்பவர்கள்தான் அதிகம்.

பை ஒட்ட மைதாப் பசை வேண்டவே வேண்டாம். புத்தகத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

கேள்வி (பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்): நூலகர் பணியிடமே இல்லை. சாவி யாரிடம் இருக்கலாம்?

பதில்: இரண்டு சாவி. ஒன்று பொறுப்பாசிரியரிடம், மற்றொன்று காலையில் வகுப்பறை திறக்கும் பணியாளரிடம். ஹெச்.எம். அறை பீரோவில் வைத்தால் அவர் வந்த பிறகுதான் நூலகம் திறக்கும். யார் எடுத்தாலும் சாவிப் பதிவேட்டில் நேரத்தோடு கையெழுத்து.

கேள்வி (பெற்றோர்): பெண் பிள்ளை மாலையில் தங்கினால் பயமாக இருக்கிறது.

பதில்: நியாயமான பயம். பெரியவர்கள் குறைந்தது இருவர் இருக்கவேண்டும், அதில் ஒருவர் பெண். கதவு திறந்தே இருக்கவேண்டும். ஜன்னலை அலமாரியால் மறைக்கக் கூடாது, வராந்தாவில் போகிறவருக்கு உள்ளே தெரியவேண்டும். பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் யாரையும் தங்கவைக்காதீர்கள். அதிலேயே எந்த பஸ், யார் கூட்டிப்போவார் என்றும் எழுதி வாங்குங்கள். வெளியேறும் நேரம் தனி நோட்டில். கடைசிப் பிள்ளை கேட்டைத் தாண்டிய பிறகே பெரியவர்கள் கிளம்பவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 கதவருகே பெரிதாக எழுதியிருக்கட்டும்.

கேள்வி: புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் என் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று சக ஆசிரியர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பாதி நூலகங்கள் பூட்டிக் கிடப்பது இந்தப் பயத்தால்தான். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதியைப் படியுங்கள். வழங்கிய அல்லது எடுத்துப் பார்த்த ஆயிரம் நூல்களுக்கு ஆண்டுக்கு ஐந்து வரை தொலைவது இயல்பு என்கிறது, நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை. 1000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரணை. 20,000 நூல் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழு இருப்புச் சரிபார்ப்பு வேண்டும். மாநிலப் பள்ளியை இது நேராகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் விளக்கக் கடிதத்துக்கு நல்ல பிடிமானம். வழங்கல் கணக்கும் சரிபார்ப்பு அறிக்கையும் கையில் இருந்தால்தான் அந்தக் கடிதம் நிற்கும்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளில் ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்று முதல் விதியை எழுதியபோது, திறந்திருக்கும் நேரத்தையும் அதன் கீழேயே பேசினார். தலைமையாசிரியரிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: கரண்ட் பில் எகிறாதா?

பதில்: 20 வாட் எல்இடி டியூப் ஆறு, 75 வாட் ஃபேன் நான்கு: மொத்தம் 420 வாட். தினம் ஒன்றரை மணி நேரம், மாதம் 22 நாள் என்றாலும் 14 யூனிட்டைத் தாண்டாது. டியூபை உத்தரத்தில் ஒட்டவைக்காமல் மேசைக்கு நேர் மேலே இறக்கித் தொங்கவிடுங்கள். அலமாரிக்குப் பின்னால் எரியும் விளக்கில் யாரும் படிப்பதில்லை.

கேள்வி: பாதிப் பேர் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் மட்டும் எழுதுகிறார்கள்.

பதில்: எழுதட்டும். அவர்கள் மேசையில் கதைப் புத்தகங்களை முகப்பு தெரிய ஐந்தாறு பரப்பி வையுங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

கேள்வி: ஒரே ஒரு செய்தித்தாள் வருகிறது. பத்துப் பேர் இழுக்கிறார்கள்.

பதில்: தாள்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு மூங்கில் குச்சியில் இரண்டு கிளிப் போட்டு மாட்டுங்கள். ஆறு பேர் ஒரே சமயத்தில் படிக்கலாம். மாலையில் திரும்ப அடுக்கும்போது விளையாட்டுப் பக்கம் மட்டும் இருக்காது. அந்தக் குச்சியை வாங்கிவைக்கும் பொறுப்பைக் கிரிக்கெட் பைத்தியம் பிடித்த ஒருவனிடமே கொடுத்துவிடுங்கள்.