நாத்தனார் சொல்லும் பள்ளியும் ஜூன் மாத நகைக்கடனும்

கேள்வி: எங்களுக்குத் திருப்பூர். கணவர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், சம்பளம் 36,000. நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், 14,000. மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் யுகேஜி. இருவரும் மெட்ரிக் பள்ளி. வேனையும் சேர்த்து மகளுக்கு ஆண்டுக்கு 62,000, மகனுக்கு 48,000 ஆகிறது. 2021-இல் மூன்று சவரனை அடகு வைத்து 80,000 வாங்கினோம். ஒவ்வொரு ஜூனிலும் வட்டியைக் கட்டி மறு அடகு வைத்ததில், இன்று 9 சவரன் மேல் 3,40,000 கடன் நிற்கிறது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. இப்போது ஆறாம் வகுப்புக்கு, நாத்தனார் பிள்ளைகள் படிக்கும் சிபிஎஸ்இ பள்ளியில் மகளைச் சேர்க்கச் சொல்லி மாமியாரும் நாத்தனாரும் நெருக்குகிறார்கள். ஆண்டுக்கு 1,35,000, நன்கொடை 50,000. ஒரு ஆப் மூலம் வட்டியில்லாத் தவணையில் கட்டலாம் என்கிறது பள்ளி. சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. அதைவிட அவசரமான விஷயம் அந்த மறு அடகு.

நாலு வருடத்தில் கடன் 2,60,000 ஏறியிருக்கிறது, வருடத்துக்கு 65,000. உங்கள் சம்பளம் இதற்கு ஈடு கொடுக்கவில்லை. பிறகு எப்படிச் சமாளித்தீர்கள்? தங்கம் விலை ஏறியது, கிராமுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள், போதாததற்கு இன்னும் ஆறு சவரனும் உள்ளே போனது. இவ்வளவு நாள் பள்ளிக் கட்டணத்தில் பெரும்பகுதியைக் கட்டியது உங்கள் வீட்டு நகைதான். இன்றைய விலைக்கு அதே 9 சவரன் மேல் இன்னும் இரண்டு லட்சம் தாராளமாகக் கொடுப்பார்கள். கிளை மேலாளரே போன் போட்டு, “இன்னும் எடுத்துக்கலாம் மேடம்” என்பார். அந்த போன் வரும்போது வீட்டில் சிபிஎஸ்இ பேச்சும் ஓடிக்கொண்டிருந்தால், விஷயம் முடிந்தது.

இப்போது வட்டி மட்டும் மாதம் 3,400, வருடத்துக்கு 40,800. மகன் படிப்பதற்கு ஆகும் செலவில் முக்கால் பங்குக்கும் மேல், யாருக்கும் ஒரு எழுத்துகூடச் சொல்லித்தராத பணம்.

புதிய பள்ளியின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 1,35,000 வருடம் பத்து சதவீதம் ஏறும் என்று வையுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருடம், நன்கொடையோடு 13 லட்சத்தைத் தாண்டும். இது ஒரு பிள்ளைக்கு. “அக்காவுக்கு மட்டும் அந்தப் பள்ளியா?” என்று மகன் கேட்கும் நாள் கணக்கில் இல்லை. அப்புறம், சேர்க்கைக்கு நன்கொடை வாங்குவதை கல்வி உரிமைச் சட்டமே தடை செய்திருக்கிறது. தொடக்கத்திலேயே இப்படி நடக்கும் இடம் பின்னால் எதற்கெல்லாம் கை நீட்டும் என்று நீங்களே யோசியுங்கள்.

வட்டியில்லாத் தவணை என்பதும் கடன்தான். செயலாக்கக் கட்டணம், தவணை தவறினால் அபராதம், சிபிலில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்ற பதிவேடு) பதிவு எல்லாம் இருக்கலாம். மொத்தமாகக் கட்ட முடியாத கட்டணத்தைக் கட்ட முடிந்தது போலக் காட்டுவதுதான் அதன் வேலை.

சரி, மகளை எங்கே சேர்ப்பது? ஆறாம் வகுப்பு நல்ல திருப்பம். தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 2020 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய். ஏழாம் வகுப்பில்தான் மனம் மாறி அரசுப் பள்ளிக்கு வந்தால் இந்த 7.5 கிடைக்காது. ஆனால் திட்டங்கள் மாறக்கூடியவை, அதை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு வேலை நாளில் நேரில் போங்கள். கணக்கு, அறிவியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் தேறினார்கள், பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எப்படி என்று கேளுங்கள். திருப்தி இல்லையென்றால் அரசு உதவி பெறும் பள்ளி எதையாவது பாருங்கள், ஆனால் 7.5 அங்கே பொருந்தாது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஒதுக்கும் 25 சதவீத இலவச இடத்தை மகனுக்குக் கேட்கலாமா என்றால், வருமான அடிப்படையில் உங்களுக்குக் கிடைக்காது.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்வி கேட்கத் தெரிந்த, கணக்கு எழுதத் தெரிந்த உங்களைப் போன்ற அம்மாக்கள் எல்லாம் கடன் வாங்கியாவது வெளியேறிவிட்டால், அரசுப் பள்ளியில் மிஞ்சுவது வேறு வழியே இல்லாதவர்களின் பிள்ளைகள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து “கணக்கு வாத்தியார் எங்கே?” என்று கேட்க நேரமும் தைரியமும் உள்ளவர் வேண்டும். அவரும் வேன் ஏற்றிப் பிள்ளையை அனுப்பிவிட்டால் பள்ளி தேறாது. தேறவில்லை என்று இன்னும் நாலு பேர் அடகுக் கடைக்குப் போவார்கள்.

இனி கடன். மாமியார் கோபிப்பார், இருந்தாலும் சொல்கிறேன், நகையை விற்றுக் கடனை அடையுங்கள். சவரன் 90,000 என்று குறைத்தே வைத்தாலும் நாலு சவரனில் கடன் தீரும். சேதாரம் கழித்தால் இன்னொரு மோதிரம் சேரலாம். நாலரை சவரனாவது வீட்டுக்கு வரும், வட்டி 40,800 நிற்கும். இப்போது கட்டணமும் வட்டியுமாக வருடம் ஒன்றரை லட்சம் போகிறது. அதில் 65,000 கடன் என்றால் சம்பளத்திலிருந்து நீங்கள் கட்டுவது சுமார் 85,000. மகள் அரசுப் பள்ளிக்குப் போய், டியூஷன், நோட்டு, பஸ் என்று மாதம் 2,500 செலவழித்தாலும் 30,000. மகனுக்கு 48,000. மொத்தம் 78,000. இதைச் சம்பளத்திலேயே கட்டிவிடலாம்.

நாத்தனாரிடம் வாதாட வேண்டாம். 13 லட்சக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கணவர் கையில் கொடுங்கள், அக்காவிடம் அவர் பேசட்டும். நகை ஒரே சிட்டையில் இல்லாமல் தனித்தனியாக இருந்தால், குறைந்த கடன் உள்ளதை முதலில் மீட்டு, இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு விற்று, அந்தப் பணத்தில் அடுத்ததை மீளுங்கள். எல்லாவற்றையும் மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.