சீனாவுக்குப் போகிறவர் எந்த ஊரில் போன் வாங்குவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். நிறுவனம் என்னை இரண்டு ஆண்டுகளுக்குக் குவாங்சோவுக்கு அனுப்புகிறது. ஆறு மாதமாகச் சீனம் படித்து வருகிறேன். துணி, பொத்தான், ஜிப் விற்பவர்களோடு சீனத்திலேயே எழுதிப் பேச வேண்டியிருக்கும். கையில் இருக்கும் போன் பழையது. புதிதாக வாங்குவதில் சீன எழுத்து வர வேண்டும், அந்த ஊர் சிம் ஓட வேண்டும், திரும்பி வந்தால் ஜியோவும் ஓட வேண்டும். இங்கே வாங்குவதா, வழியில் ஹாங்காங்கில் வாங்குவதா, சீனாவிலேயே வாங்கிக்கொள்வதா? முப்பதாயிரம் ரூபாய் வரை செலவழிக்க முடியும்.

பதில்: இங்கேயே வாங்குங்கள். அதையும் விமானம் ஏறும் வாரத்தில் வாங்காமல், குறைந்தது மூன்று வாரம் முன்பே வாங்கிப் பழகிவிடுங்கள்.

முதலில் சீன எழுத்தைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். இன்று இந்தியக் கடைகளில் விற்கும் எந்த ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் சீன எழுத்துரு உள்ளேயே இருக்கிறது. விசைப்பலகை அமைப்புகளில் சீனத்தைச் சேர்த்தால் போதும். குவாங்சோவில் புழங்குவது எளிமைப்படுத்திய எழுத்து, ஹாங்காங்கிலும் தைவானிலும் மரபு எழுத்து. ஆகவே எளிமைப்படுத்தியதையே தேர்ந்தெடுங்கள்.

பின்யின் முறையில் எழுதுவதை இப்போதே விரலுக்குப் பழக்குங்கள். ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்டினால் விசைப்பலகைக்கு மேலே சீன எழுத்துகள் வரிசையாக வரும், வேண்டியதைத் தொட வேண்டும். இதில் புதியவர்கள் திணறும் இடம் ஒன்று உண்டு. ‘பெண்’ என்பதற்கான சீனச் சொல்லில் யு எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் இருக்கும். அந்த எழுத்து விசைப்பலகையில் கிடையாது. அதற்குப் பதிலாக ‘வி’யை அழுத்த வேண்டும். ‘என்’, ‘வி’ என்று இரண்டைத் தட்டினால் அந்தச் சொல் முதலிலேயே வந்து நிற்கும். பெண்கள் ஆடை வாங்கப் போகிறவருக்குத் தினமும் தேவைப்படும் சொல் இது!

கையெழுத்து விசைப்பலகையையும் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள். துணிக் கட்டின் மேல் ஒட்டிய சீட்டில் தெரியாத எழுத்து ஒன்று இருக்கும். அதன் ஒலி தெரியாதபோது பின்யின் உதவாது. விரலால் அதைத் திரையில் வரைந்தால், கோடுகளின் வரிசை ஓரளவு சரியாக இருந்தாலே போன் அடையாளம் கண்டுவிடும்.

மொழிப் பட்டியலில் ஜப்பானிய மொழி இருந்தால் அதைச் சீனத்துக்குக் கீழே தள்ளுங்கள். இரண்டு மொழிகளுக்கும் பொதுவான எழுத்துகளுக்கு யூனிகோடில் (உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுத் தரம்) ஒரே எண்தான். எந்த நாட்டு வடிவத்தில் காட்டுவது என்பதைப் பட்டியலின் வரிசையைப் பார்த்துத்தான் போன் முடிவு செய்யும். ஜப்பானியம் மேலே இருந்தால் சில எழுத்துகள் நீங்கள் பாடத்தில் படித்த வடிவத்தில் தெரியாது.

இனி அலைவரிசை. நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். அலைவரிசையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் உண்டு, அதைப் ‘பேண்ட்’ என்பார்கள். 5ஜி பேண்டின் எண்ணுக்கு முன்னால் ‘என்’ சேரும். சீனாவில் மூன்று பெரிய நிறுவனங்கள் உள்ளன: சைனா மொபைல், சைனா யூனிகாம், சைனா டெலிகாம். வாடிக்கையாளர் எண்ணிக்கையில் சைனா மொபைல்தான் பெரியது. ஆனால் அதன் 4ஜி பெரும்பாலும் பேண்ட் 39, 40, 41 ஆகியவற்றில் ஓடுகிறது, 5ஜி-க்கு என்41-ஐ நம்பியிருக்கிறது. யூனிகாமின் 4ஜி பேண்ட் 1, 3, 8 ஆகியவற்றிலும், 5ஜி என்78-லும் ஓடுகிறது. ஏர்டெல்லின் 4ஜி-யும் 1, 3, 8-ஐப் பயன்படுத்துகிறது. ஜியோவுக்கும் ஏர்டெல்லுக்கும் 5ஜி-யில் என்78 உண்டு. அதாவது இந்தியாவுக்கென்று செய்த போன், புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாமல் யூனிகாமில் ஓடிவிடும். சைனா டெலிகாமின் 4ஜி பேண்டுகளும் பெரும்பாலும் பொருந்துகின்றன. ஆனால் அதன் பழைய குரல் சேவை சிடிஎம்ஏ என்ற வேறு வகைத் தொழில்நுட்பத்தைச் சேர்ந்தது. வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) கைகொடுக்காவிட்டால் அழைப்பு நின்றுபோகும். ஆகவே அங்கு இறங்கியதும் யூனிகாம் சிம்மைக் கேட்டு வாங்குங்கள் என்பது என் யோசனை. கடவுச்சீட்டு வேண்டும். கேமரா முன் நிறுத்தி முகத்தையும் பதிவு செய்வார்கள். 2019 டிசம்பர் முதல் அங்கே அது கட்டாயம்.

வாங்கும்போது விளம்பரத்தில் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் நாட்டுக்கு ஒரு மாதிரி விற்பார்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் இந்தியத் தளத்தில் அந்த எண்ணுக்கு உரிய பேண்ட் பட்டியலைப் பாருங்கள். 1, 3, 5, 8, 40, 41, என்41, என்78 ஆகியவை இருந்தால் சைனா மொபைலிலும் ஓரளவு சமாளிக்கலாம். உங்கள் பட்ஜெட்டில் இவை அனைத்தும் உள்ள போன்கள் கிடைக்கின்றன.

சீனாவிலேயே ஏன் வாங்கக் கூடாது? அங்கே விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் பிளே இருக்காது, அமைப்பு மொழி பெரும்பாலும் சீனமும் ஆங்கிலமும்தான். திரும்பி வந்த பிறகு வரும் தொல்லை இதைவிடப் பெரியது, அடுத்த கேள்வியைப் பாருங்கள். ஹாங்காங்கில் விற்பனை வரி கிடையாது என்பது உண்மை. விலையுயர்ந்த போனில் அது கணிசமான மிச்சம். முப்பதாயிரம் ரூபாய் போனில், வாரண்டி இந்தியாவில் செல்லாமல் ஒரே ஒரு முறை திரை உடைந்தாலும் அந்த மிச்சம் காணாமல் போய்விடும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை உள்ளன. சீனாவில் கூகுள் பிளே திறக்காது. எனவே விசைப்பலகைச் செயலி, அதன் சீனத் தொகுப்பு, இணையம் இல்லாமலே வேலை செய்யும் மொழிபெயர்ப்புத் தொகுப்பு எல்லாவற்றையும் இங்கேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செய்தி அனுப்பும் வீசாட்டும் பணம் செலுத்தும் அலிபேயும் 2020 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டவை, ஆகவே அவற்றை அங்கே போன பிறகு அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடத்துக்குப் பதிலாக ‘காவோடே’ வரைபடம் அங்கே நன்றாக உதவும்.

இந்திய எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு சிம் போடும் போனாக வாங்கி, ஒன்றில் அதை ரோமிங்கோடு உயிருடன் வைத்திருங்கள். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அதில்தான் வரும். இன்னொரு பயனும் உண்டு. ரோமிங்கில் உங்கள் இணையப் போக்குவரத்து இந்தியா வழியாகவே செல்வதால், சீனாவில் தடை செய்யப்பட்ட வாட்ஸ்அப் அந்தச் சிம்மில் திறக்கும். செலவு அதிகம் என்பதால் வீட்டாரோடு அவசரத்துக்குப் பேச வைத்துக்கொள்ளுங்கள். 

கேள்வி: ஷென்சென்னில் வேலை பார்க்கும் என் தம்பி அங்கேயே வாங்கிய ஒரு போனை எனக்கு அனுப்பினான். பெட்டி பிரிக்காதது என்று கடைக்காரர் சொன்னாராம். ஜியோ சிம்மில் இணையம் வருகிறது, ஆனால் அழைப்பு போகவில்லை. வங்கிச் செயலியும் ‘இந்தக் கருவி பாதுகாப்பற்றது’ என்று மூடிக்கொள்கிறது. போன் கெட்டுவிட்டதா? (கோவை வாசகி)

பதில்: போன் கெடவில்லை, அம்மா. இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள்.

ஜியோ 2016 செப்டம்பரில் தொடங்கியபோதே 4ஜி மட்டும் என்று தொடங்கிய நிறுவனம். அதற்கு 2ஜி-யும் இல்லை, 3ஜி-யும் இல்லை. அழைப்பு போக வேண்டுமென்றால் வோல்ட்டி வேலை செய்ய வேண்டும். அதற்குப் போனின் மென்பொருளில் ஜியோவுக்கான அமைப்பு இருக்க வேண்டும். சீனச் சந்தைக்குச் செய்த போனில் பெரும்பாலும் அது இருக்காது. அலைவரிசை பொருந்துவதால் இணையம் மட்டும் வருகிறது. ஏர்டெல்லுக்கு இன்னும் 2ஜி இருக்கிறது. எண்ணை மாற்றாமலே அங்கு மாறிக்கொண்டால், வோல்ட்டி இல்லாவிட்டாலும் அழைப்பு 2ஜி-யில் இறங்கிப் போய்விடும்.

இரண்டாவதுதான் கொஞ்சம் மோசமானது. வெளிநாட்டவருக்கு விற்பதற்காகச் சில கடைக்காரர்கள் பெட்டியைப் பிரித்து, சீன மென்பொருளை அழித்து, ‘உலகப் பதிப்பு’ என்று ஒன்றைப் போட்டு மறுபடி ஒட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்ய போனின் பூட்லோடர் (போனைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) பூட்டைத் திறந்தாக வேண்டும். போனை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கும்போது முதல் சில நொடிகளில் திரையையே கவனியுங்கள். திறந்த பூட்டின் படமோ எச்சரிக்கை வாசகமோ மின்னி மறைந்தால், அதுதான் நடந்திருக்கிறது. வங்கிச் செயலி உங்களைத் தடுத்தது சரியே. யார் போட்ட மென்பொருள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கருவியில் பணம் புழங்கக் கூடாது. பூட்டை நீங்களே திரும்பப் பூட்டப் பார்க்காதீர்கள். மென்பொருள் பொருந்தாவிட்டால் போன் மொத்தமாகச் செத்துப்போகும். நிறுவனத்தின் மூலச் சீன மென்பொருளை முறையாக மீண்டும் ஏற்றிய பிறகே பூட்ட வேண்டும். தம்பியிடம் கடை ரசீது இருந்தால், அந்தக் கடையிலேயே அதைச் செய்து தரச் சொல்லலாம். அதுவரை கேமராவுக்கும் படம் பார்க்கவும் மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அக்கா தன் ஐபோன் 15-ஐத் தருவதாகச் சொல்கிறார். ஷாங்காயில் படிக்கப் போகிறேன். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்பவற்றில் சிம் செருகும் இடமே கிடையாது, இ-சிம் (போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்) மட்டும்தான். ஷாங்காயில் உங்கள் கையில் தரப்போவது பெரும்பாலும் பிளாஸ்டிக் சிம். அக்கா வாங்கியது அமெரிக்கப் பதிப்பா என்று உறுதிசெய்ய, அமைப்புகளில் ‘பொது’, பிறகு ‘அறிமுகம்’ போய் மாடல் எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசியில் ‘எல்எல்/ஏ’ என்றிருந்தால் அமெரிக்கப் பதிப்பு, ‘எச்என்/ஏ’ என்றிருந்தால் இந்தியப் பதிப்பு. இந்தியப் பதிப்பு என்றால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், அதில் சிம் தட்டு இருக்கிறது.