சட்டக் கல்லூரி மாணவி ஊருக்கு என்ன செய்யலாம், எதை ஆராயலாம்?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது கேரளத்தில் ஒரு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. பாடம் ஆங்கிலத்தில், கூடப் படிப்பவர்களின் பேச்சு மலையாளத்தில். எல்லோரும் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றம்) போட்டிகளுக்கு ஓடுகிறார்கள். எனக்கு ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பே கிடைக்கவில்லை. ஊருக்குப் போனால் பெரியம்மா, சித்தப்பா என்று ஆளாளுக்கு ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து "இது என்னனு பாரு சாமி" என்கிறார்கள். நான் எதுவரை உதவலாம்? படிப்பு முடிந்ததும் எந்த மாநிலத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்வது?

பதில்:

தலைப்பு கிடைக்கவில்லை என்று எழுதிய அதே கடிதத்தில், ஊரார் கொண்டுவரும் காகிதங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தலைப்பு அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது. ஆனால் எதுவரை உதவலாம் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அதில் பிசகினால் உங்களுக்கும் கெடுதல், நம்பி வந்தவர்களுக்கும் கெடுதல்.

வழக்கறிஞர்கள் சட்டம் 1961-இன்படி, பதிவு பெற்ற வழக்கறிஞர் மட்டுமே வழக்குத் தொழில் செய்யலாம். தகுதி இல்லாமல் நீதிமன்றத்தில் தொழில் செய்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. எனவே மாணவியாக இருக்கும் காலத்தில் யாருக்காகவும் கோர்ட்டில் நிற்கக் கூடாது, வக்காலத்து வாங்கக் கூடாது, ஒரு ரூபாய்கூடக் கட்டணமாகப் பெறக் கூடாது. காகிதத்தைப் படித்து என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் விளக்கலாம். படிவம் நிரப்பித் தரலாம். எந்த அலுவலகத்துக்குப் போவது என்று சொல்லலாம், கூடவே போகவும் செய்யலாம். வழக்கில் ஜெயிப்பாரா தோற்பாரா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சித்தப்பா எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி.

காகிதத்தைக் கையில் வாங்கியதும் தேதியைப் பாருங்கள். சிவில் வழக்கில் சம்மன் கிடைத்தால் 30 நாளுக்குள் எதிர்வாதம் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை போகலாம். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று பீரோவில் வைத்த சம்மன்தான் கிராமங்களில் நிறையப் பேரின் நிலத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது. கெடு உள்ள காகிதம் வந்தால், அன்றைக்கோ மறுநாளோ இலவச சட்ட உதவி தரும் சித்தூர் தாலூகா சட்டப் பணிகள் குழுவுக்கு அவரை அழைத்துப் போங்கள். பாலக்காட்டில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையமும் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பதற்கு வருமான வரம்பு கிடையாது. உங்கள் பெரியம்மாவுக்கு எவ்வளவு தோப்பு இருந்தாலும் அவருக்கு அந்த உரிமை உண்டு.

இதையெல்லாம் தனி ஆளாகச் செய்யாமல் கல்லூரியின் பெயரில் செய்வது நல்லது. ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் சட்ட உதவி மையம் நடக்க வேண்டும் என்று வழக்கறிஞர்களின் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள் சொல்கின்றன. சட்ட உதவி மையங்களுக்கென்று தேசிய சட்டப் பணிகள் ஆணையமும் 2011-இல் ஒழுங்குமுறைகள் வெளியிட்டது. பாரா லீகல் வாலண்டியராக (சட்ட உதவித் தன்னார்வலராக)ச் சேரவும் சட்ட மாணவர்களுக்கு இடம் உண்டு. அடையாள அட்டையோடு போய் நின்றால் வில்லேஜ் ஆபீசில் கிடைக்கும் பதிலே வேறாக இருக்கும்.

பேனர் கட்டி, மைக் பிடித்து, மதியச் சாப்பாட்டோடு முடிகிற ஒருநாள் விழிப்புணர்வு முகாம்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. பேச்சு முடியும்போதுதான் மக்கள் தயங்கித் தயங்கிக் காகிதத்தை எடுப்பார்கள். அதற்குள் கல்லூரி பஸ் கிளம்பிவிடும். மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், ஒரே இடத்தில், இரண்டு மணி நேரம் உட்காருங்கள். குடும்பஸ்ரீ அயல்கூட்டம் (பெண்கள் சுய உதவிக் குழு) கூடும் வீட்டுத் திண்ணை போதும். மூன்றாவது மாதத்தில்தான் உண்மையான சிக்கல்கள் வெளியே வரும்.

சரி, ஆய்வுக்கு வருவோம். எல்லையோரத்தில் பிறந்தவர் என்பதால் உங்கள் கையில் இருக்கும் மூன்று கேள்விகளைச் சொல்கிறேன். நகரத்து மாணவர்களுக்கு இவை தோன்றவே தோன்றாது.

முதலாவது மொழி. குறை தீர்க்கக் கோரும் மனுவை, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்கலாம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆம் உறுப்பு. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், அறிவிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் தர வேண்டும் என்று வழிவைத்தது. நடைமுறையில் என்ன ஆகிறது? உங்கள் பஞ்சாயத்துக்கும் தாலூகா ஆபீசுக்கும் கடந்த ஐந்து ஆண்டில் தமிழில் வந்த மனுக்கள் எத்தனை, தமிழில் போன பதில்கள் எத்தனை? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. அந்த விண்ணப்பத்தை மட்டும் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டம் ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி ஆகியவற்றைத்தான் சொல்கிறது. "அப்படிக் கணக்கு வைப்பதில்லை" என்று பதில் வந்தாலும் அது வீணில்லை. கணக்கே வைக்கப்படாத உரிமை என்பதும் ஒரு ஆய்வு முடிவுதான்.

இரண்டாவது கல்யாணம். மீனாட்சிபுரம், கோபாலபுரம், வேலந்தாவளம் செக்போஸ்ட்டுகளைத் தாண்டிப் பெண் கொடுத்து எடுப்பது உங்கள் பக்கம் சாதாரணம். ஆனால் பட்டியல் சாதி, பழங்குடி அந்தஸ்து மாநிலவாரியாகத் தரப்படுவது. ஒரு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர் புதிய மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொன்னது. 2018-இல் பீர் சிங் வழக்கில் அதையே மீண்டும் உறுதிசெய்தது. கல்யாணமாகி வந்த பெண்ணுக்கும் இதே விதிதான். எரவாளர் என்ற பெயர் தமிழ்நாடு, கேரளம் இரண்டின் பழங்குடிப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனைமலைப் பக்கம் பிறந்த எரவாளர் பெண் நான்கைந்து மைல் தள்ளி கேரளத்துக்கு வாழ்க்கைப்பட்டால், பிறந்த மாநிலத்து உரிமையை அவள் இழப்பதில்லை. ஆனால் வந்த ஊரில் அது கணக்கில் வராது. பெயர் ஒன்றாக இருந்தும் ஏன் என்று அவள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? நீதிமன்றம் சொன்ன காரணத்தைப் படியுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் அந்தச் சமூகம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பட்டியல் போடப்படுகிறது என்பது அந்த வாதம். ஒரே காட்டின் இரண்டு ஓரத்தில் வாழும் மக்களுக்கு அது எவ்வளவு பொருந்தும்? இதை எழுதத் தகுந்த ஆள் நீங்கள்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது தண்ணீர். உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் பிளாச்சிமடை இருக்கிறது. சட்டம் படிக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய நூலகம் அக்கம்பக்கத்தில் கிடையாது. 2000-இல் கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் கெட்டது, வற்றியது என்று 2002-இல் ஆதிவாசி மக்கள் போராட்டம் தொடங்கினார்கள். எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா முன்னால் நின்றார். 2003-இல் பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுமக்களுடையது, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்று தீர்ப்பு சொன்னார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு வேறு பாதையில் போனது. நிலத்தின் சொந்தக்காரர் நியாயமான அளவு எடுக்கலாம் என்று சொல்லி, நிபந்தனைகளோடு நாளுக்கு 5 லட்சம் லிட்டர் வரை அனுமதித்தது. ஆலையோ 2004 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. 2017-இல், மறுபடி திறக்கும் எண்ணம் இல்லை என்று கம்பெனி உச்ச நீதிமன்றத்தில் சொன்னதோடு வழக்கு முடிந்தது. அதனால் இரண்டு தீர்ப்புகளில் எது சரி என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்காமலே போனது.

ஆலையால் ஏற்பட்ட இழப்பு 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசு அமைத்த உயர்மட்டக் குழு மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் கேரள சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மாநிலம் இயற்றிய ஒரு மசோதா தில்லியில் எங்கே, எந்தக் காரணத்தால் முடங்கியது என்பது அரசமைப்புச் சட்டப் பாடத்தில் நீங்கள் மனப்பாடம் செய்யும், மாநில மசோதாக்களுக்கான ஒப்புதல் பற்றிய 200, 201-ஆம் உறுப்புகளின் நேரடி உதாரணம். இரண்டு தீர்ப்புகளையும் அச்செடுத்து, பென்சிலோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். இந்தியன் கானூன் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

களத்துக்குப் போகும்போது ஒன்றை மறக்க வேண்டாம். பிளாச்சிமடை மக்களைப் பல ஆண்டுகளாக யார் யாரோ வந்து கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்கள் கைக்குத் திரும்பி வந்தது சொற்பம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பெயர், ஆதார் எண், சாதிச் சான்றிதழ் நகல் எதையும் போனில் படம் பிடித்து வைக்காதீர்கள். சட்ட உதவி கேட்டு வந்தவர் சொன்னதை, அவரிடம் தனியாக அனுமதி கேட்காமல் ஆய்வில் சேர்க்கக் கூடாது. உதவி வேண்டுமே என்ற பயத்தில் சரி என்று சொல்லக்கூடும் என்பதால், அந்த அனுமதியை உதவி முடிந்த பிறகு கேளுங்கள். கட்டுரை முடிந்ததும் இரண்டு பக்கம் தமிழில் எழுதி அங்கேயே வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தினால் திருத்திக்கொள்ளுங்கள்.

மூட் கோர்ட்டை ஒதுக்க வேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் அது எப்படியும் உண்டு. ஒன்றிரண்டு போட்டிக்கு நன்றாகத் தயாராகுங்கள். மேடையில் நின்று நீதிபதியின் கேள்விக்குப் பதில் சொல்லும் கூச்சம் போகும். ஆங்கிலத்துக்கு வாரம் ஒரு தீர்ப்பு என்று வைத்துக்கொண்டு, அதைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கி எழுதிப் பழகுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பு இணையத்தில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றின் தமிழாக்கமும் நீதிமன்றத்தின் தளத்திலேயே கிடைக்கிறது. மலையாளத்தில் பேசுவது மட்டும் போதாது, கையெழுத்து ஆவணம் படிக்கிற அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். நிலப் பத்திரங்கள் எல்லாம் அதில்தான் வரும்.

பதிவு விஷயத்தில் கவலை வேண்டாம். ஒரு மாநில பார் கவுன்சிலில் மட்டுமே பதிவு செய்ய முடியும், ஆனால் அந்தப் பதிவோடு இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் தொழில் செய்யலாம். அந்த உரிமையைத் தரும் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-ஆம் பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. பின்னால் வேறு மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும்.

எந்த ஊரில் தொழில் செய்யலாம் என்பதை இப்போதே முடிவு செய்யாமல் இன்டர்ன்ஷிப்பில் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரம் செய்தாக வேண்டும், ஆண்டுக்குத் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. மீதியுள்ள ஆண்டுகளில் ஒரு நான்கு வாரத்தை சித்தூரில் ஒரு வக்கீலிடமும், இன்னொன்றைப் பொள்ளாச்சியில் ஒருவரிடமும் வையுங்கள். பொள்ளாச்சியில் மனுக்களும் சாட்சியமும் பெரும்பாலும் தமிழில் இருக்கும். பிளஸ் டூ வரை தமிழில் எழுதிய உங்கள் கைக்கு அங்கே வேலை அதிகம்.