ஊரடங்கும் ஓடாத வண்டியும்: கேள்வி பதில்

2021, மறுபடியும் கொரோனா ஊரடங்கு, மறுபடியும் வண்டி உறை போட்டு நிற்கிறது. 2020-ல் வந்த அதே கேள்விகள் இந்த 2021-லும் ஒவ்வொன்றாக வரத் தொடங்கிவிட்டன, அதனால் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெட்ரோல் வண்டி, அதுவும் நிற்கிற வண்டி, இதுதான் இன்றைக்குப் பேச்சு. அடுத்து எந்த பைக் வாங்கலாம் என்பவர்கள் இன்னொரு நாள் வாருங்கள்.

கேள்வி: அக்கா, வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுகிறேன். போதுமா?

அதைச் செய்யவே வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. வண்டி சூடாக ஓடும்போது அது ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும், நமக்குத் தெரிவதே இல்லை. நீங்களோ சைலன்சர் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள், அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகத் தங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலிலும் இறங்கும், கூடவே சரியாக எரியாத பெட்ரோலும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்பக்கம் பாருங்கள், வெளுத்த பாலாடை மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அது இந்த ஐந்து நிமிட வேலையின் விளைவுதான்.

பேட்டரிக்காகச் செய்கிறேன் என்பீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு இழுப்பில் எடுத்த கரண்டை ஐடிலிங்கில் (நின்ற இடத்திலேயே மெதுவாக ஓடும்போது) திருப்பிக் கொடுக்கப் பல வண்டிகளால் முடியாது, ஹெட்லைட் தானாக எரிகிற வண்டியில் சுத்தமாக முடியாது. பேட்டரிக்கு நல்லது செய்ய வேண்டுமென்றால் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். எப்போதும் நெகட்டிவ்தான் முதலில். பாசிட்டிவை முதலில் தொட்டு ஸ்பேனர் ஃப்ரேமில் இடித்தால் பொறி பறக்கும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. லெட் ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும், 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போட்டுவிடுங்கள், ஏனென்றால் இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் எந்தச் சார்ஜரும் உதவாது. லித்தியம் பேட்டரி என்றால் அதற்கென்று உள்ள சார்ஜர் மட்டும்.

ஒன்றிரண்டு மாதம் நின்றதால் எந்த இஞ்ஜினும் செத்துப்போனதில்லை. மூடிய அறைக்குள் ஸ்டார்ட் செய்து ஆட்கள் செத்துப்போயிருக்கிறார்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

கேள்வி: நிறைய நேரம் இருக்கிறது. செயினைப் பளிச்சென்று சுத்தம் செய்ய ஆசை.

செய்யுங்கள், ஊரடங்குக்கு ஏற்ற வேலை. ஆனால் இஞ்ஜின் அணைந்திருக்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். முதல் கியரில் போட்டு ஓடவிட்டுத் துணியைப் பிடித்தால் சீக்கிரம் முடியும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், அந்தத் துணி ஸ்ப்ராக்கெட் என்கிற பல் சக்கரத்துக்குள் போகும்போது விரலையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகும், கையை இழுக்க நேரமே இருக்காது. சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஓ ரிங் (ரப்பர் வளையம்) உள்ள செயினுக்கு மண்ணெண்ணெய் போதும். பெட்ரோல் வேண்டாம், ரப்பர் கெடும். கம்பி பிரஷும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு உள்பக்கமாக லூப் (செயின் எண்ணெய்) அடித்து, வழிவதைத் துடைத்துவிடுங்கள். தொய்வு பல வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. இருக்கும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது.

கேள்வி: வெறும் செயின் போரடிக்கிறது. சிலிண்டர் ஹெட்டைத் திறந்து வால்வு எல்லாம் பார்க்கலாமா? வீடியோ பார்த்து வைத்திருக்கிறேன்.

மூடும்போது நடுவில் வைக்கிற கேஸ்கெட் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் தொடாதீர்கள். கடை மூடியிருக்கும் காலத்தில் ஒரே விதி போதும்: எதைத் திறந்தால் புதுசு போட்டுத்தான் மூட வேண்டுமோ, அந்தப் புதுசு வீட்டில் இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது. போன ஊரடங்கு முடிந்ததும் என்னிடம் வந்த வண்டிகளில் நின்று கெட்டவை குறைவு, ஆள் சும்மா இருக்க முடியாமல் திறந்து கெட்டவைதான் அதிகம். மரை கழன்ற டிரெயின் போல்ட், உடைந்த பேனல் கிளிப், பெயர் தெரியாத ஒரு பை நிறைய ஸ்க்ரூ.

கை அரிக்கிறது என்றால் ஏர் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விடுங்கள், லீவர் பிவட்டைத் துடைத்து கிரீஸ் வையுங்கள், சுவிட்சுகளுக்குள் போன மண்ணை ஊதுங்கள். முக்கியமாக, சர்வீஸ் மேனுவலை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். எந்த போல்ட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்கம் என்று தெரிந்துகொண்டாலே பாதி மெக்கானிக் ஆகிவிடுவீர்கள்.

கேள்வி: வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வது நல்லதா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஹெல்மெட் வைசர், ஹேண்டில் எல்லாவற்றிலும் சானிட்டைசர் அடிக்கிறேன். சரிதானே?

கையில் அடியுங்கள். வைசரில் வேண்டாம், ஆல்கஹால் அதன் மேல்பூச்சைக் கெடுக்கும். அக்ரிலிக் விண்ட்ஷீல்டில் மயிரிழை விரிசல்கள் வரும். மிதமான சோப்புத் தண்ணீர் போதும், வைரஸுக்கும் சோப்பைப் பிடிக்காது. ஹெல்மெட் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பகுதியில் பெட்ரோலோ தின்னரோ பட்டால் அது கரைந்துவிடும், அப்புறம் அந்த ஹெல்மெட் வெறும் தொப்பி.

கேள்வி: டேங்கை நிரப்பி வைப்பதா, காலி செய்வதா?

இரும்பு டேங்க் என்றால் நிரப்புங்கள். கழுத்து வரை வேண்டாம், பெட்ரோல் விரிய இடம் விடுங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, ஃப்ளோட் பவுலை (கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) மட்டும் காலி செய்யுங்கள். பெட்ரோல் போகிற துளையான சின்ன ஜெட்டில் பிசின் பிடிப்பது அங்கே தேங்கிய கொஞ்சப் பெட்ரோலால்தான்.

கேள்வி: இதை ஏற்க முடியாது. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி அடியில் தனியாகப் பிரிந்துவிடும். காலி செய்வதே சரி. நான் வேதியியல் படித்தவன்.

நல்லது, கணக்காகவே பேசலாம். பத்து சதவீத எத்தனால் பெட்ரோல் பிரிவதற்கு ஏறத்தாழ அரை சதவீதம் தண்ணீர் சேர வேண்டும், அதாவது பத்து லிட்டருக்கு 50 மில்லி. 30 டிகிரியில் ஈரம் முழுக்க நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் தண்ணீரைத்தான் சுமக்கும், பத்து லிட்டர் காற்றில் 0.3 கிராம். பகல் இரவு வெப்ப மாற்றத்தில் டேங்க் மூச்சு விடுவது அதிலும் சிறு பங்கு. இரண்டு மூன்று மாதத்தில் 50 மில்லி எங்கிருந்து வரும்? மூடியின் ரப்பர் கிழிந்து மழையோ வண்டி கழுவிய தண்ணீரோ இறங்கினால் வரும். அப்படியானால் மூடியைச் சரி செய்யுங்கள்.

கேள்வி: மாட்டிக்கொண்டீர்கள்! அதே 0.3 கிராம்தானே காலி டேங்கிலும்? அது மட்டும் எப்படித் துருப்பிடிக்கும்?

சரியான பிடி. ஆனால் துருவுக்கு 50 மில்லி வேண்டாம், இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் போதும், அது இரவுக்கு இரவு புதுசாகப் படியும். பெட்ரோலுக்குள் மூழ்கிய இரும்பில் அது படிய வழியில்லை. நிரப்பச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பெட்ரோலில் லேசாக ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த இஞ்ஜினைப் பற்ற வைக்கிறது, மேலே காலியிடம் குறைவாக இருந்தால் அது தப்பிப்பதும் குறைவு.

கேள்வி: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எலி வயரைக் கடிக்கிறது.

சீட்டுக்கு அடியிலும் ஏர் பாக்ஸிலும் கூடு இருக்கிறதா பாருங்கள். சைலன்சர் வாயில் துணி அடையுங்கள், துணியின் வால் வெளியே நன்றாகத் தெரிய வேண்டும்.

கேள்வி: பழைய டூ ஸ்ட்ரோக்காரன் பேசுகிறேன். என் டேங்கில் ஆயில் கலந்த பெட்ரோல், துருவே வராது. நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள்.

டேங்குக்கு உண்மை, ஆயில் படலம் காப்பாற்றும். ஆனால் பவுலில் அதை விட்டுவைத்தால் பெட்ரோல் பறந்து ஆயில் மட்டும் தேங்கும். காலி செய்துவிட்டுச் சிரியுங்கள்.

கேள்வி: வேதியியல்காரன் மறுபடியும். ஒரு வருடம் நின்றால்?

அப்போது உங்கள் கட்சி. வடித்து, உட்புறம் எண்ணெய் பூசித்தான் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் டேங்கில் துருப் பேச்சே இல்லை. ஆனால் இப்போதைக்கு யாரும் வடிக்க வேண்டாம் என்பதற்கு வேதியியல் இல்லாத காரணம் ஒன்று இருக்கிறது: வடித்த பெட்ரோலை எங்கே வைப்பீர்கள்? குடும்பமே நாள் முழுக்க வீட்டுக்குள் இருக்கிறது, நீங்கள் பத்து லிட்டரைத் தண்ணீர் பாட்டில்களில் பிடித்து அடுப்புக்குப் பக்கத்து அறையில் அடுக்கப் போகிறீர்கள். டேங்கைவிடப் பத்திரமான பாத்திரம் உங்கள் வீட்டில் இல்லை.

கேள்வி: தனியாகத்தானே ஓட்டுகிறேன், முகம் முழுக்க ஹெல்மெட், யாரையும் தொடுவதில்லை. ஒரு சுற்று போனால் யாருக்கு நஷ்டம்?

விழாத வரைக்கும் யாருக்கும் இல்லை. விழுந்தால் ஒரு கட்டில், ஒரு ஆம்புலன்ஸ், உங்களைத் தூக்கவும் தைக்கவும் நாலு பேர், அதுவும் இந்த நேரத்தில். ஏணியிலிருந்தும்தான் விழுகிறார்கள் என்று அடுத்து எழுதாதீர்கள். ஏணியில் யாரும் வேகமானியைப் பார்ப்பதில்லை.

கேள்வி: ரேஸ் பார்க்காமல் பைத்தியம் பிடிக்கிறது.

இதை விட்டுவிட மனமில்லை. ஐல் ஆஃப் மேன் தீவின் சாலைப் பந்தயமான டிடி 2020-லும் இல்லை, 2021-லும் இல்லை. 2001-ல் கால்நடை நோயால் ரத்தானது, அதற்கு அப்புறம் இப்போதுதான். உலக பைக் பந்தயத் தொடரான மோட்டோஜிபி 2020 மார்ச்சில் கத்தாரில் தொடங்க வேண்டியது, சின்ன வகுப்புகள் மட்டும் ஓடின; பெரிய வகுப்பு ஜூலையில் ஜெரெஸில்தான் ஆரம்பித்தது. நடுவில் வீரர்கள் வீட்டிலிருந்தே வீடியோ கேமில் போட்டி போட்டார்கள், முதல் பந்தயம் அலெக்ஸ் மார்கேஸுக்கு. அவருடைய அண்ணன் மார்க் மார்கேஸ் ஜெரெஸில் கையை முறித்து, அறுவை முடிந்த சில நாளிலேயே திரும்ப ஓட்டிப் பார்த்து, மீதி சீசன் முழுவதையும் இழந்தார். பட்டம் சுஸுகியில் ஜோன் மீருக்குப் போனது. பொறுமை இல்லாதவர்கள் அந்த சீசனை முதலிலிருந்து திரும்பப் பாருங்கள், பொழுது நன்றாகப் போகும்.

கேள்வி: மின்சார ஸ்கூட்டர் நிற்கிறது. என்ன சார்ஜில் வைக்க?

என் துறை இல்லை. தயாரிப்பாளர் கையேட்டில் நெடுநாள் நிறுத்தம் பற்றிய பக்கம் இருக்கும், அதைப் பின்பற்றுங்கள்.

கேள்வி: டயர் பள்ளமாகிவிடுமா? எவ்வளவு பழசு என்று எப்படித் தெரியும்?

சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள், இல்லையென்றால் அவ்வப்போது ஒரு முழம் உருட்டுங்கள். காற்று தானாகவே மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்கும். பக்கச் சுவரில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள், 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். ஷைன் ஸ்ப்ரே அடித்துப் பளபளப்பாக்க வேண்டாம், தரையில் படுகிற இடத்தில் பட்டால் முதல் வளைவிலேயே தெரியும்.

கேள்வி: அக்கா, ஐந்து நிமிடம் வேண்டாம் சரி, இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்தால்?

இரண்டு நிமிடம் இன்னும் மோசம். முதல் பதில்!

கேள்வி: செயின் பதில் படித்தேன். நான் எப்போதும் கியரில் ஓடவிட்டுத்தான் துடைப்பேன், ஒன்றும் ஆகவில்லை.

பத்து விரல்களாலும் இதை டைப் செய்திருக்கிறீர்கள், அது அதிர்ஷ்டம். இஞ்ஜினை அணையுங்கள்.

கேள்வி: பிரேக் ஆயில் மாற்றலாமா?

மூடி திறக்காத புது பாட்டில் இருந்தால் மட்டும். டாட் என்பது பிரேக் ஆயிலின் வகை எண்; டாட் 3, 4, 5.1 எல்லாம் ஈரம் உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். டாட் 5 சிலிக்கான் வகை, மற்றவற்றோடு சேராது. பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்துத் தேய்க்காதீர்கள்.

கேள்வி: ஊரடங்கு விலக்கிய அன்று முதலில் என்ன பார்க்க வேண்டும்?

காற்று, பிரேக், செயின் தொய்வு, விளக்குகள். டிஸ்க்கில் மேலாகத் துரு இருக்கும், மெதுவாக ஓட்டி நாலைந்து முறை லேசாகப் பிடித்தால் போய்விடும், அதுவரை யாருக்குப் பின்னாலும் ஒட்டிப் போக வேண்டாம். முதல் நாளே மலைப்பாதைக்குக் கிளம்பாதீர்கள், கைகால் வழக்கத்துக்கு வரட்டும், சாலையில் எதிரே வருகிறவரும் இத்தனை நாள் ஓட்டாதவர்தான். அப்புறம் அந்த எலிக்காரர், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் துணியை எடுத்துவிடுங்கள்.