பழைய சவரக்கத்திக்குச் சுழல் ஆணி மாற்றுதல்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் செய்யப்பட்ட பழைய மடக்குச் சவரக்கத்திகளைப் புதுப்பிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அலகைப் பிடியோடு இணைத்து, அது திறந்து மூட அச்சாக நிற்கும் சுழல் ஆணி, அதற்கான துளை, அதன் தலை ஆகியவற்றைப் பற்றி மட்டுமே பேசுவேன். ஆகவே சாணைக்கல், தோல்வார் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் கிடையாது. படிக்கத் தொடங்கும் முன் கத்தியின் வாய்க்கு இரண்டு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள். இந்த வேலையில் விரல் அறுபடுவது சவரம் செய்யும்போது அல்ல, ஆணியைத் தட்டும்போதுதான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: திறந்து மூடும்போது அலகு இருபுறமும் ஆடுகிறது. ஆணியைக் கழற்றிப் புதியதைப் போட வேண்டுமா?

வேண்டாம். ஆடுகிற கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பழைய ஆணியே போதும். அதன் தலை சற்றுத் தேய்ந்து தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். கீழ்ப்பக்கத் தலையை வழவழப்பான இரும்புப் பட்டடையின் மேல் வைத்து, தட்டார்கள் பயன்படுத்தும் சிறிய உருண்டைமுகச் சுத்தியலால் மேல்தலையின் ஓரத்தைச் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். பத்துத் தட்டுக்கு ஒருமுறை நிறுத்தி, கத்தியைத் திறந்து பார்த்து, பிறகு புரட்டி மறுபக்கமும் அவ்வாறே செய்யுங்கள். அலகு தன் எடையால் தானாக விழாமலும், ஒரு விரலால் தள்ளினால் தடையின்றித் திறப்பதாகவும் இருந்தால் சுத்தியலைக் கீழே வைத்துவிடுங்கள். “இன்னும் ஒரே ஒரு தட்டு” என்று அடித்த அடியில்தான் பலருடைய கொம்புப் பிடி வெடித்திருக்கிறது.

திருப்பூரிலிருந்து, லேத் பட்டறை வைத்திருப்பவர்: பித்தளைக் கம்பியை நானே கடைந்து ஆணி செய்தேன். தலையைப் பரத்தும்போது நட்சத்திரம் போல் விரிசல் விடுகிறது. இன்னொரு கம்பியோ 1.6 மில்லிமீட்டர் துளைக்குள் இறங்கவே மறுக்கிறது. தவறு எங்கே?

இரண்டு தனித்தனித் தவறுகள் இருக்கின்றன. லேத்தில் கடைவதற்கென்று விற்கப்படும் பித்தளையில் சீவல் எளிதாக உதிர்வதற்காக ஈயம் கலந்திருப்பார்கள். கடைவதற்கு அருமையான அந்தப் பித்தளை, குளிர்ந்த நிலையில் சுத்தியல் அடியைத் தாங்காமல் விண்டுபோகும். உங்களுக்கு வேண்டியது கடைசல் தடி அல்ல, இழுத்துச் செய்த கம்பி. அதுவும் விறைப்பாக இருந்தால், மங்கிய வெளிச்சத்தில் இலேசாகச் சிவக்கும் வரை காய்ச்சி ஆறவிடுங்கள். பிறகு தலை வெண்ணெய் போல் பரவும். ஜெர்மன் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) கம்பிக்கும் இதே வழிதான். ஆனால் அது பித்தளையை விட விரைவில் இறுகிவிடும் என்பதால் தட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறு கேஜ், அதாவது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண், கணக்கில் நேர்ந்தது. சவரக்கத்தி ஆணி என்றால் உலகெங்கும் புதுப்பிப்பவர்கள் பெரும்பாலும் கொள்ளும் அளவு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.5875 மில்லிமீட்டர். 1.6 டிரில் பிட் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். நம் ஊர்க் கடையில் “16 கேஜ்” என்று கேட்டு வாங்கும் கம்பியோ 1.626 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாட்டை அடித்து இறக்கிச் சரிசெய்ய முயன்றால், உலர்ந்த கொம்பு துளையிலிருந்து ஓரம் வரை பிளந்துவிடும். கம்பியை டிரில் சக்கில் மாட்டிச் சுழலவிட்டு, நுண்ணிய எமரித் தாளால் பிடித்துத் தேய்த்து, விரல் அழுத்தத்தில் வழுக்கிச் செல்லும் அளவுக்கு இளைக்கச் செய்யுங்கள். ஆனால் பழைய கத்தி என்றால் இந்த எண்களை வேதவாக்காகக் கொள்ளாமல், முதலில் வெர்னியரை எடுத்து அலகின் கழுத்தில், அதாவது ஆணி ஊடுருவும் அடிப்பகுதியில், இருக்கும் துளையை அளந்துகொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: பிடியின் இருபக்கத் தகடுகள் (பிடித்தகடுகள்) கொம்பா பிளாஸ்டிக்கா என்று தெரியவில்லை. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யவே செய்யாதீர்கள். அது பழைய காலப் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டாக இருந்தால், நீங்கள் ஊசி வைப்பது நைட்ரோசெல்லுலோஸின் மேல். எளிதில் தீப்பற்றுகிற பொருள் அது. பெருவிரலால் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்துவிட்டு உடனே முகர்ந்து பாருங்கள். கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்டு; பொருளைக் குழைவாக்க அதில் கற்பூரம் சேர்த்திருப்பார்கள். கந்தக வாடை வந்தால் கெட்டி ரப்பர். கார்பாலிக் சோப்பை நினைவூட்டும் வாடை வந்தால் பேக்கலைட். மயிர் கருகும் வாடை டிரில் வைத்த பிறகுதான் எழும், அது கொம்பு.

செல்லுலாய்டு என்று தெரிந்தால் துளையிடும் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பிட்டை வெளியே எடுத்து ஆறவிடுங்கள். ஆணியைச் சுற்றி அது மங்கி, நுண்விரிசல் கண்டு, அலகில் பிடிக்கு அருகே மட்டும் புதிய துரு படர்ந்திருந்தால், பொருள் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதிலிருந்து வெளிப்படும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி எஃகை அரிக்கும். இதற்கு மருந்து கிடையாது. பிடியைக் கழற்றி அகற்றுங்கள். அதுவரை அந்தக் கத்தியை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். கொம்போ எலும்போ சிப்பியோ, எதில் துளையிட்டாலும் தூசு நுரையீரலுக்குப் போகாமல் முகமூடி அணியுங்கள். வாய்க்கு ஒட்டிய டேப் இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: என் கத்தியில் “ஷெஃபீல்டு” என்று மட்டும் பொறித்திருக்கிறது. எத்தனை ஆண்டுப் பழமை?

ஆணியை விட்டு விலகுகிற கேள்வி. 1890இன் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது என்பதால், “இங்கிலாந்து” என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. இல்லாததை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: இரும்பு ஆணி துருப்பிடித்து இறுகிவிட்டது. டிரில் வைத்தால் பிட் வழுக்கிப் பிடித்தகட்டுக்குள் இறங்குகிறது. என்ன செய்வது?

டிரிலால் ஆணி முழுவதையும் தின்ன நினைப்பதுதான் பிழை. கெட்டியான இரும்புக்கும் மென்மையான கொம்புக்கும் நடுவே நிற்கும் பிட், எப்போதும் மென்மையான பக்கமே சாயும். தலையை மட்டும் அழியுங்கள். பிடித்தகட்டின் மேல் மெல்லிய தகரத்தில் துளையிட்டு, அத்துளை வழியே ஆணித்தலை மட்டும் வெளியே தெரியும்படி ஒட்டுங்கள். சிறு அரத்தால் தலையை அதன் அடியிலுள்ள வாஷரின் மட்டத்துக்குத் தேயுங்கள். வாஷர் கழன்று வந்ததும் நிறுத்துங்கள். பிறகு மரக்கட்டையில் ஆணியை விடச் சற்றே பெரிய துளையிட்டு, மறுபக்கத் தலை அத்துளைக்குள் அமருமாறு பிடியை வைத்து, ஒன்றரை மில்லிமீட்டர் பஞ்ச் (ஆணியைத் தள்ளும் எஃகுக் கம்பி) கொண்டு தட்டி இறக்குங்கள். பிடித்தகடு கட்டையின் மேல் முழுதும் படிந்திருக்க வேண்டும். நான் தொடக்கக் காலத்தில் ஒருமுறை கட்டையில்லாமல் மேசை விளிம்பில் வைத்துத் தட்டி, 19ஆம் நூற்றாண்டு எருமைக்கொம்புத் தகடு ஒன்றை இரண்டாக்கிவிட்டேன். அந்தத் துண்டுகளை இன்றும் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

அப்படியும் அசையாவிட்டால், அலகின் கழுத்துக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் தட்டாரின் கம்பி ரம்பத்தைச் செலுத்தி ஆணியை அறுத்துவிடுங்கள். பிடி தனியாக வந்துவிட்ட பிறகு, கழுத்தில் ஒட்டியிருக்கும் துண்டுக்கு எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்துத் தட்டலாம். சூடாக்கித் தளர்த்த வேண்டாம். எஃகு நீலம் பாய்ந்த இடத்தில் அதன் பதம் போய்விடும்; வெப்பம் கழுத்தோடு நிற்காமல் அலகுக்கும் ஓடும்.

வேலூரிலிருந்து ஒருவர்: ஐயா, கத்தி லூசாக இருக்கிறது. புது ஆணி அடிக்கலாமா?

கோயம்புத்தூர் நண்பருக்குச் சொன்னதையே செய்யுங்கள். முதலில் தட்டுங்கள், கழற்றாதீர்கள்.

மதுரையிலிருந்து, கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்: தலை தட்டுவதை ஏன் இவ்வளவு உயர்த்திப் பேசுகிறீர்கள்? அங்குலத்துக்கு 80 மரை கொண்ட சிறு திருகாணியும் நட்டும் போட்டால் வேண்டும்போது இறுக்கலாம், வேண்டும்போது கழற்றலாம். ஆணியை அடிப்பது முரட்டு வேலை என்பது என் கருத்து.

உங்கள் தொழில்மீது எனக்கு மரியாதை உண்டு; ஆனால் கடிகாரத்துத் திருகாணி செய்யும் வேலை வேறு. அது இரண்டு பாகங்களைப் பிடித்து வைக்கிறது. அதன் மேல் எதுவும் சுழல்வதில்லை. சவரக்கத்தியின் ஆணி ஒரு அச்சு. நீங்கள் சொல்லும் திருகாணியின் விட்டம் 1.52 மில்லிமீட்டர், அதுவும் மரையின் முகட்டில் அளந்தால்தான். துளையைத் தொடுவது அந்த முகடுகள் மட்டுமே. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அவை நுண்ணிய அரம் போல் கொம்புத் துளையை ராவும். அலகு சுழலும் போக்கிலேயே நட்டும் சிறிது சிறிதாகத் தளரும். அதைத் தடுக்க மரைப் பசை போட்டால், கழற்றலாம் என்ற பெருமை போய்விடும்; அந்தப் பசை சில பிளாஸ்டிக்குகளை விரிசல் விடச் செய்யும் என்பதும் உண்டு.

அவரே மீண்டும்: மரையின் மேல் பித்தளைக் குழாய் செருகினால் அச்சு வழவழப்பாகிவிடுமே?

ஆகும். ஆனால் அந்தக் குழாய் நுழைவதற்கு அலகின் கழுத்துத் துளையை நீங்கள் பெரிதாக்க வேண்டும். நூறாண்டு தாண்டிய எஃகில் திரும்பப் பெற முடியாத மாற்றத்தைச் செய்வது, சில ரூபாய்க் கம்பியைக் காப்பாற்றுவதற்காகவா? ஆணிதான் இக்கத்தியில் மிக மலிவான உறுப்பு; தேய வேண்டியதும், வளைய வேண்டியதும், தேவைப்பட்டால் அறுபட வேண்டியதும் அதுவே.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர், இந்த வாதத்தைப் பார்த்து: பழம்பொருளைப் பேணுவதில் மீட்கத்தக்க வேலையே நல்ல வேலை என்பார்கள். திருகாணியைக் கழற்றினால் எல்லாம் பழையபடி இருக்கும். தட்டிய ஆணி அப்படியல்லவே?

நல்ல கேள்வி, ஆனால் எதை மீட்க வேண்டும் என்று பாருங்கள். தட்டிய ஆணியை ஐந்து நிமிடத்தில் அரத்தாலும் பஞ்ச் கம்பியாலும் எடுத்துவிடலாம். அழிவது ஆணி மட்டும். துளையும் தகடும் கழுத்தும் அப்படியே நிற்கும். திருகாணியை எடுத்தாலோ, துளைச் சுவரில் மரைத் தடம் எஞ்சியிருக்கும். ஒன்றை மட்டும் மதுரை நண்பருக்கு விட்டுக்கொடுக்கிறேன்: புதிய பிடி செய்யும்போது, இறுதி ஆணிக்கு முன் பொருத்திப் பார்ப்பதற்கு அவர் சொல்லும் திருகாணியை விடச் சிறந்த கருவி கிடையாது. என் மேசை இழுப்பறையிலும் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. மூடினால் அலகின் முனை ஆப்பில் (பிடியின் மறுமுனையில் தகடுகளுக்கு நடுவே இருக்கும் துண்டு) இடிக்கிறதா, வாய் தகடுகளுக்குள் முழுதும் மறைகிறதா, முதுகு போதிய அளவு வெளியே தெரிகிறதா என்று பார்த்து, பத்து முறை கழற்றி மாட்டித் திருத்திய பிறகே கம்பியை எடுப்பேன்.

மீண்டும் மதுரைக்காரர்: அடித்தால் ஆணி துளைக்குள்ளேயே பருத்துக் கொம்பைப் பிளக்கிறது. இதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை, கனமான சுத்தியலால் நடுத்தலையில் ஓங்கி அடித்தால் நீங்கள் சொல்வதேதான் நடக்கும். அதனால்தான் வாஷருக்கு மேல் ஆணி முக்கால் மில்லிமீட்டர் அளவே நீண்டிருக்க வேண்டும் என்கிறேன். அதற்கு மேல் விட்டால் உலோகம் பரவாது. ஆணி வளையும், உடலும் பருக்கும். சுத்தியல் நூறு கிராமுக்குள் இருக்கட்டும். அடி ஓரத்தில் விழட்டும். இதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

திருச்சியிலிருந்து ஒருவர்: புதிய ஆணி போட்ட பிறகு, மூடும்போது அலகு ஒரு பக்கத் தகட்டில் உரசுகிறது.

கையால் பிடித்து டிரில் செய்தீர்கள் என்று நினைக்கிறேன். இரு தகடுகளையும் இருபக்க ஒட்டு டேப்பால் ஒன்றாக ஒட்டி, அடியில் மரத்துண்டு வைத்து, நிலையான டிரில் மெஷினில் ஒரே மூச்சில் துளைத்தால்தான் துளை செங்குத்தாக அமையும். துளை சரி என்றால் மறுமுனையின் ஆப்பைப் பாருங்கள். அதன் ஒரு முகம் அரை மயிரளவு கூடினாலும் அலகின் நுனியில் அது ஒரு மில்லிமீட்டராகத் தெரியும். கழுத்தின் இருபுறமும் மெல்லிய பித்தளை உள்வாஷர் ஒவ்வொன்று இட்டால் சுழற்சியும் மென்மையாகும். உரசும் கத்தியைப் பலமுறை மூடித் திறந்து சோதிப்பீர்கள் அல்லவா, டேப்பை எடுத்துவிடாதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்: ஆப்பு சாம்பல் நிறமாகவும் மென்மையாகவும் இருக்கிறது. மாற்றலாமா?

அது ஈயம், பழைய ஷெஃபீல்டு கத்திகளில் அடிக்கடி காணப்படுவது. நல்ல நிலையில் இருந்தால் விட்டுவிடுங்கள். அரத்தால் ராவித் தூசு கிளப்பாதீர்கள். தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்: தந்தப் பிடிக்கு ஏற்ற தந்தத்துண்டு எங்கே கிடைக்கும்?

யானைத்தந்த வணிகம் இந்தியாவில் குற்றம். மாட்டெலும்பைப் பயன்படுத்துங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: கத்தி ஆடுகிறது, ஆணியைக் கழற்றவா?

மேலே படியுங்கள்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: தட்டிப் பார்த்தேன், பயனில்லை. கழுத்துத் துளையே முட்டை வடிவில் தேய்ந்திருக்கிறது.

இவர் தட்டிவிட்டு எழுதியிருக்கிறார். ஆகவே முழுப் பதிலுக்கு உரியவர். தடித்த ஆணி போட்டு நிரப்ப நினைக்காதீர்கள்; அப்படிச் செய்தால் பிடியின் துளைகளையும் பெரிதாக்க நேரும். வெளிவிட்டம் அங்குலத்தில் 32இல் 3 பங்கு, அதாவது 2.38 மில்லிமீட்டர் உள்ள மெல்லிய பித்தளைக் குழாய், மாதிரி விமானம் செய்வோர் வாங்கும் கடைகளில் கிடைக்கும். அதற்குள் நம் ஆணி தாராளமாகச் சுழலும். கழுத்துத் துளையை அந்தக் குழாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு மட்டும் வட்டமாக்கி, குழாயைச் செருகி, இரு முனைகளையும் கழுத்தின் மட்டத்துக்கு அரத்தால் தேய்த்துவிடுங்கள். கழுத்து பொதுவாக அலகின் அளவுக்குப் பதமேறியிருக்காது. பிட் கடிக்க மறுத்தால் கார்பைடு பிட் தேவைப்படும். மதுரை நண்பர் இதைப் படித்தால், நானும் கடைசியில் குழாயிடம்தான் வந்தேன் என்று சிரிப்பார். எஃகு ஏற்கெனவே தேய்ந்துபோன இடத்தில் குழாய் இடுவது வேறு, நல்ல துளையைக் குழாய்க்காகக் கெடுப்பது வேறு என்று அவருக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.